பனிக்குள் முடிந்த பந்தயம்

ஆழ்வார்திருநகரியைத் தாண்டி, திருச்செந்தூர் சாலையை ஒட்டினாற்போல், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத பெரிய குளம் ஒன்று இருக்கிறது. ஆற்றிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து சேரும் குளம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்துவிட்டால் தை மாதத்தில் அது கடலைப்போலக் கிடக்கும். எனக்குப் பதிமூன்று வயதாகியிருந்தபோது, அப்படி நிறைந்து கிடந்த ஒரு தை மாதத்தில், பிள்ளைகளுக்கான பாய்மரப் படகுப் பந்தயத்தை அங்கே நடத்தினார்கள்.

நான் பாளையங்கோட்டைப் பெண். எங்கள் தெருவில் நீச்சல் தெரிந்தவர்களே குறைவு. கோடை விடுமுறையில் கடற்கரையில் நடந்த பயிற்சி முகாமுக்குப் பள்ளியிலிருந்து எங்களை அழைத்துப் போனார்கள். மற்ற பிள்ளைகள் தோல் கறுத்துப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவாள். மின்சார அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் திரும்பி வந்த பிறகுதான் முகத்தைத் திருப்புவாள்.

நாங்கள் ஓட்டியது ஒரு பிள்ளை மட்டும் உட்காரக்கூடிய குட்டிப் படகு. மூக்கு மழுங்கிப்போய், பார்ப்பதற்குக் குளிக்கிற தொட்டிபோல இருக்கும். ஒரு பாய், ஒரு சுக்கான், பாயை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு. அவ்வளவுதான். அதை ஓட்டுவதற்கு வேண்டியது கவனம். அதுதான் என்னிடம் இல்லாதது. பாயைப் பார் என்றால் பறவையைப் பார்ப்பேன். தண்ணீரில் ஓடுகிற மேகத்தின் நிழலோடு போய்விட்டு, எங்கே வந்திருக்கிறோம் என்று விழிப்பேன். பயிற்சியில் எப்போதும் கடைசிக்கு முந்தின ஆள் நான்தான்.

பந்தயத்தன்று விடியும்போது குளத்தில் மூடுபனி. கரையில் போட்டிருந்த பந்தலின் கீழ் எங்களை உட்காரவைத்து விதிகளைச் சொன்னவர் பந்தய அதிகாரி. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிற அம்மையார் அவர். தலைமுடியை இறுக்கிக் கட்டி, தொப்பி வைத்து, அவசரமே இல்லாமல் பேசினார்.

"லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டணும். திரும்பி வந்து படகை மேல இழுத்து வைக்கிற வரைக்கும் கழத்தக் கூடாது. படகு கவிழ்ந்தா நீந்திப் போகாதீங்க, படகைப் பிடிச்சுக்கிட்டு இருங்க, நாங்க வருவோம். பக்கத்துல ஒருத்தர் ஆபத்துல இருந்தா உங்க பந்தயத்தை விட்டுட்டு உதவிக்குப் போகணும். மூணு தடவை கொம்பு ஊதினா பந்தயம் ரத்து. எங்க இருந்தாலும் உடனே என் படகுக்கு வந்து சேரணும்."

பெற்றோர்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கவுந்த படகுக்கு அடியில பிள்ள மாட்டிக்கிட்டா என்ன செய்யதுக்கு?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அதிகாரி சிரிக்கவில்லை. கவிழ்ந்த படகுக்கு உள்ளே காற்று தங்கியிருக்கும் என்றும், மூச்சு விட முடியும் என்றும், அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம் என்றும் பொறுமையாகச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

வெயில் ஏறியதும் பனி பிரிந்தது. குளத்தின் நடுவில் மிதந்த மஞ்சள் மிதவைகள் தெரிந்தன. அதிகாரியின் படகுக்கும் ஓர் ஆரஞ்சு மிதவைக்கும் இடையே இருந்த கோடுதான் தொடக்கம். கிழக்கே ஒரு மஞ்சள் மிதவையைச் சுற்றி, வடக்கே இன்னொன்றைச் சுற்றி, தொடங்கிய கோட்டுக்கே திரும்பி வர வேண்டும். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தது. கொம்பு ஊதினார்கள்.

நான் அப்போது நாமக்கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுத்த கோழிகள், வரிசையாக நீந்திப் போய்க்கொண்டிருந்தன. நிமிர்ந்தபோது எல்லாப் பாய்களும் இடப்பக்கமாகப் போய்விட்டிருந்தன. அவர்கள் பின்னால் போனால் அவர்கள் கலைத்துவிட்ட காற்றுதான் எனக்குக் கிடைக்கும். என்னவோ தோன்றி, சாலை இருந்த வலப்பக்கமாகத் தனியே திருப்பினேன். சாலைக்கரை ஓரமாக வருடிப் போன ஒரு காற்று என் பாயை நிரப்பியது. படகு மெல்லச் சாய்ந்து, அடியில் தண்ணீர் களகளவென்று பேச ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் பனி திரும்ப வந்தது. கீழ்த்திசையிலிருந்து, யாரோ வெள்ளை வேட்டியை உதறி விரிப்பதுபோல, தண்ணீரோடு தண்ணீராகத் தவழ்ந்து வந்தது. முதலில் கரை மறைந்தது. பிறகு மற்ற பாய்கள் மறைந்தன. பிறகு என் படகின் மூக்குக்கு அப்பால் எதுவுமே இல்லை.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. உலகமே இல்லாத ஓர் இடத்தில் நானும் படகும் காற்றும் மட்டும் இருந்தோம். பாயில் பனி துளித்துளியாகக் கோத்து, ஒவ்வொன்றாக என் முழங்காலில் விழுந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. வெள்ளைக்குள் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தேன்.

சத்தம் மட்டும் இருந்தது. தை மாதமாதலால் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாகத் திருச்செந்தூருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய மைக் செட் வண்டியிலிருந்து பக்திப் பாட்டு பனியில் ஊறி, எங்கிருந்தோ கனவில் கேட்பதுபோலக் கேட்டது. நடுவே 'அரோகரா' என்று கூட்டம் மொத்தமாக எழுப்பும் குரல். சாலை தெற்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாட்டு வலது காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை நான் கிழக்கே போகிறேன். அதைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில் இப்படியும் அப்படியுமாக ஓட்டினேன். முதல் மிதவையை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். திடீரென்று அதுதான் என் முன்னால் வந்து நின்றது.

சுற்றித் திருப்பினேன். பாட்டு இப்போது முதுகுக்குப் பின்னால். முன்னே மங்கலாக ஒரு பாய் தெரிந்தது. யாரோ எனக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டார்கள் என்று மனம் விழுந்தது. கயிற்றை இழுத்துப் பிடித்து, உடம்பை வெளியே சாய்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் துரத்தினேன். கிட்டே போனதும் அந்தப் பாய் கழுத்தை நீட்டியது. பெரிய அலகைத் திருப்பி என்னைப் பார்த்தது. கூழைக்கடா! அது கனத்த சிறகை விரித்துத் தண்ணீரைத் தட்டித் தட்டி எழும்பிப் பனிக்குள் கரைந்தது. அது மிதந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இரண்டாவது மிதவை ஆடிக்கொண்டிருந்தது.

பாட்டை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு தெற்கே வந்தேன். மேலே ஒரு கொக்கு நிற்க, ஆரஞ்சு மிதவை தெரிந்தது. அதன் பக்கத்தில் அதிகாரியின் படகு இல்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அங்கேதான் இருக்கும் என்று எண்ணி, கோடு இருக்க வேண்டிய இடத்தைக் கடந்தேன். முதலில் வருகிறவருக்கு ஊதுகிற கொம்புக்காகக் காத்திருந்தேன். பாயைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தேன். பாய் சோம்பலாகப் படபடத்தது. யாரும் ஊதவில்லை. சிரிப்பு வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். அது போதும் என்றுகூட அந்த நேரத்தில் இருந்தது.

அப்புறம் எஞ்சின் சத்தம். பனியைக் கிழித்துக்கொண்டு மீட்புப் படகு வந்தது. ஓட்டி வந்த அண்ணன் கடற்கரை ஊர்க்காரர், எப்போதும் எங்களைக் கேலி செய்துகொண்டே இருப்பவர். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது. கை நீட்டி என் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒன்ன எங்கனயெல்லாம் தேடுதது? ஜாக்கெட்டுல தொங்குத விசில ஊத மாட்டியா?"

"எதுக்கு அண்ணே ஊதணும்? நான் ஃபர்ஸ்ட்டா?"

"ஃபர்ஸ்ட்டாம்லா! ரேஸ நிப்பாட்டி எம்புட்டு நேரமாச்சு! எல்லாப் பிள்ளையளும் கரையில நிக்கி. ஒன்னத்தான் காணோம்." பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, குரல் உடைய, "கிடைச்சிட்டா" என்றார்.

பனி இறங்கியதும் அதிகாரி மூன்று முறை கொம்பு ஊதியிருக்கிறார். அந்தப் பக்கம் காற்று விழுந்துபோய், முதல் மிதவையைக்கூட எட்டாமல் நின்ற பிள்ளைகள் அதைக் கேட்டுத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் படகுகளைக் கயிற்றில் கோத்துத் தன் படகாலேயே கரைக்கு இழுத்துப் போயிருக்கிறார் அதிகாரி. எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்திருக்கிறது. மைக் செட் வண்டிக்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த எனக்குக் கொம்பே கேட்கவில்லை.

கயிற்றில் கட்டி என்னை இழுத்துப் போனபோது கரையில் முதலில் தெரிந்தது அம்மா. இடுப்பளவு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். காலைக்கூட நனைக்காத அம்மா. இரண்டு பேர் அவள் கையைப் பிடித்திருந்தார்கள். நான் இறங்கியதும் அடிப்பாள் என்று நினைத்தேன். சேலையைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பசிக்கா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்திருந்தாள். அதைப் பிசைந்து ஊட்டினாள். வாயில் வாங்கியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் ஜெயித்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், எப்போதும் முதலாவதாக வருகிற கடற்கரைப் பெண்ணிடம் சொன்னேன். என்னைவிட ஒரு வயது மூத்தவள். நம்ப மாட்டாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு மிதவையும் சுத்துனியா?" என்றாள்.

"சுத்துனேன்."

"அப்ப மனு குடு. தப்பு ஒன் மேல இல்லன்னா கேக்கதுக்கு ஒனக்கு உரிமை உண்டு. வா, நானும் வாரேன்."

பந்தலின் மூலையில் மூன்று நடுவர்கள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே நானும் பந்தய அதிகாரியும். கடற்கரைப் பெண்ணும் அம்மாவும் பின்னால் நின்றார்கள். என் வயதுப் பிள்ளை பேசுவதை மூன்று பெரியவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. பாட்டை வைத்துத் திசை பிடித்ததையும் கூழைக்கடாவையும்கூடச் சொன்னேன்.

"நீ கோட்டைத் தாண்டினதை யார் பார்த்தா?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"யாரும் பார்க்கல சார். கொக்கு நின்னுச்சு."

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. "கொம்பு கேட்டுச்சா?"

"சத்தியமா கேக்கல."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி யோசிக்கவே இல்லை. "அவளுக்குக் கேட்டிருக்காது சார். அந்தப் பாட்டுச் சத்தத்துக்கு என் கொம்பு பத்தாது. அது என் பக்கத்துக் குறை" என்றார். மேசைக்குக் கீழே அவர் தன் தொப்பியைக் கசக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். காலையில் அவ்வளவு நிதானமாகப் பேசியவர். நான் காணாமல்போன நேரத்தில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். பிறகு கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்கள். நான் செய்ததில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ரத்தான பந்தயம் எல்லோருக்கும் ரத்துதான். எந்தப் படகும் கண்ணில் படாதபோது பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவைக்க முடியாது என்ற முடிவு சரி. ஆகவே எனக்கு இடம் கிடையாது; பந்தயம் மறுநாள் திரும்ப நடக்கும்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற அம்மா, "அவங்க சொல்லுதது சரிதாம்ட்டி" என்றாள். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே நடுவர்களைப் பார்த்து, "ஆனா இவ சுத்தி வந்தது உண்மைதான். இவ பொய் சொல்ல மாட்டா" என்றாள். நடுவில் இருந்தவர் எழுந்து, "தெரியும்மா" என்றார்.

மறுநாள் காலை பந்தலுக்குப் போனால், அதிகாரியின் படகில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து மணி. தலைமையாசிரியரிடம் கேட்டு இரவல் வாங்கி வந்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அதிகாரி சொன்னார்: "நேத்து நம்ம கொம்பு ஒருத்தருக்குக் கேக்கல. இன்னையிலேர்ந்து ரத்துன்னா கொம்போட இந்த மணியும் அடிக்கும். கேக்குதான்னு இப்பவே பார்ப்போம்." மீட்புப் படகு அண்ணன் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு சாலைப் பக்கமாக, அன்றைக்கு வந்த ஒரு மைக் செட் வண்டிக்கு நேரே போய் நிறுத்தினார். தூரத்தில் அதிகாரி கம்பியால் அடித்தார். பாட்டுக்கு மேலாக, கணீரென்று கேட்டது. நான் கையை உயர்த்திக் காட்டினேன். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி கரையிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் கத்தினார்கள்.

அன்று பனி இல்லை. நல்ல வெயில், நல்ல காற்று. நான் நடுவாக எங்கேயோ வந்தேன். கடற்கரைப் பெண்தான் முதலாவது. கரையேறியதும் அவள் என் பாயைச் சுருட்ட உதவிக்கொண்டே, "அந்தக் கூழைக்கடா எம்புட்டுப் பெரிசா இருந்துச்சுட்டி?" என்று கேட்டாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

இப்போது திருநெல்வேலியில் வேலை பார்க்கிறேன். படகைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் அந்தக் குளத்தைக் கடக்கும்போது மட்டும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். அம்மா கூட இருந்தால் அவளும் எட்டிப் பார்ப்பாள்.