முருகப்பனின் பொறுப்பு முடியும் இடம்

என் வீட்டுக்காரர் முருகப்பனோடு காரைக்குடிச் சந்தைக்குப் போனால் பையை அவர்தான் தூக்கி வருவார். ஆனால் வாசல்படி வரைக்கும்தான். "இத்தோட என் பொறுப்பு முடிஞ்சுச்சு, தேனம்மை" என்று வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். ஒருநாள் நான் வருவதற்குள் கீரையை மாடு தின்றுவிட்டது. கேட்டதற்கு, "அது ஒன் பொறுப்புல இருக்கும்போது நடந்தது" என்றார். இந்த மனுசனை என்ன செய்ய!

எல்லாம் தொழில் புத்தி. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். ஒப்பந்தம் எப்போதும் எஃப்.ஓ.பி.தான். அதாவது, சரக்கு கப்பலில் ஏறும் வரை செலவும் சேதமும் இவர் தலையில். ஏறிவிட்டால் வாங்குகிறவர் தலையில். தூத்துக்குடி ஏஜெண்ட் ரவிக்குமார் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. போடுங்க. துறைமுக யார்டுல கப்பல் கம்பெனிகிட்ட ஒப்படைச்சதுமே நம்ம பொறுப்பு முடிஞ்சிரும்."

இவர் கேட்டால்தானே! "எங்கப்பச்சி போட்டது எஃப்.ஓ.பி. நீ சும்மா இருப்பா."

மொரீஷியஸ் ஓட்டல் ஒன்றுக்குப் போகவேண்டிய கல் யார்டிலேயே நொறுங்கியது. கிரேன் தூக்கும்போது கண்டெய்னர் சரிந்துவிட்டதாம். ரவிக்குமார் போனில் சொன்னதும் இவர் கேட்ட முதல் கேள்வி, "கப்பல்ல ஏறிருச்சா?"

"இன்னும் ஏறலண்ணே."

அவ்வளவுதான், ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாதக்கணக்கான வேலை. யார்டுக்காரர்கள் மேல் வழக்குப் போடலாம், ஓட்டல் திறப்பு விழா அதுவரை காத்திருக்குமா? நேரத்துக்குக் கல் போகாவிட்டால் அந்தப் பக்கம் இனி ஒருவரும் இவரை நம்ப மாட்டார்கள். சாப்பிடாமல் கிடந்தவரைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

ஆத்தங்குடியில் ராப்பகலாக மறுபடி கல் செய்தார்கள். ஒப்பந்தமும் மாறியது, இந்த முறை எஃப்.சி.ஏ. தூத்துக்குடிக்கு நானும் கூடப் போனேன். யார்டில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியாயிற்று. ஊருக்குப் போகலாம் என்றால் நகரவில்லை. மறுநாள் கப்பலில் ஏற்றினார்கள். அப்போதும் நகரவில்லை. என்னையும் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டை வெயிலில் நின்றார்.

"ஒங்க பொறுப்புத்தான் நேத்தே முடிஞ்சு போச்சே, இன்னும் எதுக்கு நிக்கிறீக?"

"செத்த இரு தேனம்மை, கப்பல் இன்னும் கண்ணுக்குத் தெரியுதுல்ல" என்றார்.