திருந்தியவரின் மேடை

கொரட்டூரில் விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கி வழியாகத்தான் அந்தக் குரலை முதலில் கேட்டேன். எண்பதுகளின் கடைசி. இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழா. பேசியவர் என் அத்தையின் கணவரைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு, தண்டனை முடிந்து வந்தவர். மன்றத்தார் அவருக்கு 'மனம் திருந்தியவர்' என்று பட்டம் கொடுத்து, சந்தன மாலையும் போட்டிருந்தார்கள்.

மாமா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். மேனாம்பேட்டில் பக்கத்து வீட்டில் இருந்த திருந்தியவர், தன் வீட்டுச் சாக்கடைத் தண்ணீரை மாமாவின் வாசலுக்குத் திருப்பிவிட்டார். கேட்கப் போன மாமா உயிரோடு திரும்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேச முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"கையில கத்தி இருந்திச்சு. எறங்கிடுச்சு. எல்லாம் நேரம்" என்றார். குத்தினேன் என்று ஒருமுறைகூட அவர் வாயில் வரவில்லை. மழை பெய்வதைப் போலக் கொலை நடந்திருந்தது. ஆனால், சிறையில் இருந்தபோது தாய் இறந்ததையும், காவலோடு வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் மிஞ்சியிருந்ததையும் சொன்னபோது என் கண்ணும் நனைந்தது. அந்தத் துக்கம் பொய்யென்று இன்றும் சொல்லமாட்டேன். எந்த வார்த்தையில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று அவர் பழகி வைத்திருந்ததும் பொய்யில்லை.

பிறகு ஆவடி, பூந்தமல்லி என்று மேடைகள் பெருகின. மேடைக்கு மேடை மாமா கெட்டுப்போனார். ஒன்றில் குடித்திருந்தார். அடுத்ததில் இரும்புத் தடியோடு பாய்ந்தார். பாக்கு மென்றாலே தலைசுற்றி உட்கார்ந்துவிடும் மனிதர் அவர். கூட்டம் உச்சுக்கொட்டியது, நல்லவர்களாக இருப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி ஏது!

மாமா செத்தபோது அத்தை மகள் கைக்குழந்தை. ஒருநாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்து, "நைனா குடிகாரராம்மா?" என்று கேட்டாள். அன்று மாலையே அத்தை என்னை இழுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக் கூட்டத்துக்குப் போனாள். பேச்சின் நடுவில் எழுந்தாள்.

"கத்தி எறங்கிச்சுன்றியே, அது தானா எறங்கிச்சா? யாரு கையி அது?"

திருந்தியவர் மேடையிலிருந்து ஓடிவந்து அத்தையின் காலில் விழுந்தார். "மன்னிச்சிடு தாயி!" ஒரே கைதட்டல். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. அத்தை காலை உதறிக்கொண்டு வெளியே நடந்தாள். அடுத்த கூட்டத்திலேயே கதைக்குப் புது முடிவு வந்துவிட்டது: "அந்தம்மாவே என்னைத் தூக்கி நிறுத்தி மன்னிச்சிட்டாங்க."

சில வாரங்களில் மன்றத்துச் செயலாளர் அத்தையின் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு பேரும் ஒரே மேடையில உக்காந்தீங்கன்னா, பாக்கறவங்க மனசு இளகும்க்கா."

அத்தை குரலை உயர்த்தவில்லை. "அவனுக்கு சேர் போடு, வேணான்னு சொல்லல. பக்கத்துல எங்க ஊட்டுக்காரருக்கும் ஒண்ணு போடு. அவரும் வந்து அவரு கதைய சொல்லட்டும். ரெண்டையும் கேட்டுட்டு நான் அழுவுறேன்."

செயலாளர் காபியைத் தொடாமல் எழுந்து போனார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. திருந்தியவர் சாகும்வரை பேசிக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது தொலைக்காட்சியில் கொலை செய்துவிட்டுச் சிறை போனவர் யாராவது தன் கதையைச் சொன்னால் நானும் உட்கார்ந்து கேட்கிறேன். சில சமயம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். செத்துப்போனவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வருமா என்று காத்திருக்கிறேன். அதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது.