சூப்பர்வைசரின் மனம் இளகிய சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்வது ஒரு பெரிய விஷயம். கர்த்தர் தனக்கு என்ன செய்தார் என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒருவர் குடியை விட்ட கதையைச் சொல்வார், இன்னொருவர் லாரிச் சக்கரத்துக்கு அடியிலிருந்து பிழைத்து வந்ததைச் சொல்வார். நான் குடித்ததில்லை, லாரியும் என்னை எட்டிப் பார்த்ததில்லை. சொல்லிக்கொள்ள ஒரு பாவம்கூட உருப்படியாக இல்லாமல் பல வருடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரகடத்தில் கார் சீட் தைத்துப் பூட்டும் கம்பெனிக்கு வந்த பிறகுதான் எனக்கும் ஒரு சாட்சி வாய்த்தது.

அங்கே ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓடும். வார விடுமுறையை ஆளுக்கு ஒரு நாளாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எனக்குப் புதன்கிழமை. பழைய ஆட்களுக்கு மட்டும் ஞாயிறு. நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவன், ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருந்தால் ஜுரம் வந்தது போல் ஆகிவிடும். சூப்பர்வைசரிடம் போய், ஞாயிறு வர இயலாது என்றேன். அவர் கோபப்படவில்லை. அப்படியானால் வேறு வேலை பார்த்துக்கொள், இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு என்றார். படப்பையில் வாடகை வீடு, பிள்ளை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தது. பயந்துபோய் உபவாசம் இருக்க ஆரம்பித்தேன்.

உபவாசத்துக்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். செவ்வாய்க்கிழமை என்றால் கேன்டீன் கோழிக்குழம்பை விட வேண்டியிருக்கும் என்பது அதற்கு முக்கியமான காரணம். கர்த்தருக்கும் இது தெரியும், ஆகவே மறைப்பதில் பயனில்லை.

மாதம் முடியுமுன் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் உனக்கு ஞாயிறு லீவு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்த ஞாயிறே சாட்சி சொன்னேன். சபை கைதட்டியது. கைதட்டல் பழகிவிட்டது. அடுத்தடுத்து வெவ்வேறு ஜெபக்கூட்டங்களில் சொல்லும்போது என் கதையில் சூப்பர்வைசர் முதலில் கத்தினார், பிறகு மேசையைக் குத்தினார், கடைசியில் கண்கலங்கினார். நான் இருந்த உபவாசமும் கூட்டத்துக்குக் கூட்டம் கொஞ்சம் நீண்டது. கர்த்தருடைய கிருபை என்று தவறாமல் முடிப்பேன். கிருபை இலவசம் என்பதையும் சேர்ப்பேன். ஆனால் உள்ளுக்குள் அது என் வெள்ளிக்கிழமைப் பட்டினிக்குக் கிடைத்த கூலி என்றே நம்பினேன்.

லைனில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் வடக்குப்பட்டுக்காரர். என்னைவிட மூத்தவர், கம்பெனி தொடங்கிய காலத்து ஆள். நெற்றியில் விபூதி, கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும். இவ்வளவு நல்ல மனுஷனுக்குக் கிருபை என்றால் என்னவென்று தெரியாமல் போயிற்றே என்று வருந்துவேன். சாப்பாட்டு நேரத்தில் சுவிசேஷக் கைப்பிரதிகள் கொடுப்பேன். மரியாதையாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒருநாள் அதில் ஒன்றின்மேல் மசால்வடையை வைத்து என்னிடமே நீட்டினார். விசுவாசத்தோடு சாப்பிட்டேன்.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. போன வருடம் கம்பெனியில் குடும்ப தினம் வைத்தார்கள். அன்றைக்கு வீட்டு ஆட்கள் உள்ளே வந்து லைனைச் சுற்றிப் பார்க்கலாம். வடக்குப்பட்டுக்காரர் தன் மகளை அழைத்து வந்திருந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண். அப்பாவின் மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இவருதான் சர்ச் அங்கிளாப்பா? இவருக்கோசரம்தான் நீ ஞாயித்துக்கெழமல வூட்ல இருக்கமாட்டற?”

அவர் அவள் தலையில் லேசாகத் தட்டி, ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் சூப்பர்வைசரைத் தேடிப் போனேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். அந்த ஆள் வந்து, தன் ஞாயிற்றை உனக்குக் கொடுத்துவிட்டு உன் புதனைத் தனக்குப் போடச் சொல்லிக் கேட்டார், போட்டேன், அவ்வளவுதான். நான் உபவாசம் இருந்ததைச் சொன்னேன். அப்படியா, எனக்குத் தெரியாதே, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். அவர் கண்கள் கலங்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அப்பா வீட்டில் இல்லை. அந்த நாளில்தான் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிருபையைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளே சூப்பர்வைசரிடம் போய்ப் பழையபடி மாற்றச் சொன்னேன். கையோடு அந்தப் பெண்ணுக்கு ஒரு கவுனும் இனிப்பும் வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் நீட்டினேன். ஞாயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இதுவரை போன ஞாயிறுகளுக்குப் பதிலாக உங்களுக்கு வேண்டிய நாளெல்லாம் உங்கள் வேலையை நானே பார்க்கிறேன் என்றேன். எனக்கே என் குரல் பிரசங்கம் போலக் கேட்டது.

அவர் முகம் மாறிவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“நான் இன்னா உனுக்கு ஓ.டி.யா பாத்தேன்? கணக்கு தீக்கறதுக்கு வந்துட்ட. எட்துக்கினு போபா.”

பையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் பக்கத்திலேயே நின்றும் பேசவில்லை. ஞாயிறு போனது பெரிதாகத் தெரியவில்லை. அவர் நட்பு போய்விடுமோ என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஞாயிறு காலை கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அன்று சபையில் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்கும் நாள். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டேனே என்று நினைத்த கொஞ்ச நேரத்துக்குள் அதுவும் ஒரு தியாகமாகிவிட்டது. அடுத்த சாட்சிக்கான முதல் வரிகள்கூட மனதில் ஓடின. என்னைத் திருத்துவது கஷ்டம்.

லைனில் என் இடத்தில் வடக்குப்பட்டுக்காரர் நின்றிருந்தார்.

“கெளம்பு. சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன்.”

பாப்பா வீட்டில் இருக்குமே அண்ணே என்றேன். அவர் சீட் உறையை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்.

“அடுத்த ஞாயிறு அதுக்குப் பொறந்த நாளு. அன்னிக்கு நான் வரமாட்டேன், நீ வா. அது நான் கேக்கறது. பதிலுக்குப் பதிலு இல்ல. இன்னிக்கு நீ போ.”

ஏன் அண்ணே எனக்காக இதைச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“தெர்ல. அன்னிக்கு நீ அழுவற மாதிரி இருந்த.”

ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்கு வந்தேன். வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரமில்லை. ஆலயத்துக்குள் பாட்டு முடிந்து ஜனங்கள் வரிசையாக முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் எல்லோருடைய செருப்புகளும் கிடந்தன. நான் கம்பெனி யூனிபாரத்தில் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிக்கொண்டது. அவிழ்த்து முடிப்பதற்குள் எல்லோரும் வாங்கிவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

கடைசி ஆளாக, தனியாக, போய் முழங்காலிட்டேன். சாக்ஸில் ஓட்டை இருந்தது. என் பெருவிரல் சபை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் நான் செய்த நன்மைகளையெல்லாம் ஒருமுறை மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பேன். அன்று அடுக்க எதுவும் அகப்படவில்லை. அழுகை வந்தது, துடைக்கவும் இல்லை. போதகர் அப்பத்தோடு என் முன்னால் வந்து நின்றார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.