ஆசீர்வாதம் அண்ணன் சொன்ன சோடா உப்பு

லேக் மார்க்கெட்டில் ஆசீர்வாதம் அண்ணனின் இட்லி மாவுக் கடையை ஒட்டித்தான் என் தேங்காய்க் கடை. அதனால் அவர் கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல உலகத்திலேயே ஆள் கிடையாது. அவர் சம்சாரம் ராஜம் அக்காவைத் தவிர. அக்கா சொன்னால் காரம் தூக்கலாக இருக்கும், அண்ணன் பாவம்.

அண்ணனுக்கு ஊர் நாசரேத் பக்கம். வாலிபத்தில் கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்து, மாவாட்டியே மகள் மஹிமாவைக் கட்டிக் கொடுத்தவர். மீசை கொஞ்சம் பெரிசு. தெருமுனையில் முதலில் மீசை திரும்பும், அரை நிமிஷம் கழித்து அண்ணன் வருவார். பெங்காலி வாடிக்கையாளர்கள் வாயில் ஆசீர்வாதம் அண்ணன் 'ஆஷிர்பாத்தா' ஆகிவிடுவார்.

நாங்கள் இருவரும் ஒரே தமிழ்ச் சபை. அவர் முதல் பெஞ்சு, நான் வாசலோரம். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் சபையில் ஆயத்த ஆராதனை நடக்கும். போதகர் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அவரவர் பாவத்தை அவரவர் மனசுக்குள் ஆண்டவரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் மனசுக்குள் சொல்வார்கள். அண்ணன் மட்டும் "நான் மகா பாவி ஆண்டவரே!" என்று ஓவென்று அழுவார். ஹூக்ளி ஆற்றில் தண்ணீர் ஒரு முழம் ஏறிவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம், நம் பாவம் இவ்வளவு தரமாக இல்லையே என்று வெட்கமாகப் போய்விடும்.

ஆனால் அந்த மகா பாவி என்ன பாவம் செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். நான் பக்கத்துக் கடை.

சில வருஷங்களுக்கு முன்னால் எதிர்ப்பக்கம் நாகம்மா என்று ஒரு அம்மா மாவு விற்றாள். சேலத்துக்காரி, புருஷன் இல்லை. கல்கத்தாக் குளிரில் இட்லி மாவு பொங்காது. பச்சைக் குழந்தை மாதிரி சுருண்டு படுத்துக்கொள்ளும், எழுப்பினாலும் எழாது. அண்ணன் மாவும் அப்படித்தான். நாகம்மா மாவு மட்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அவள் குண்டானைச் சாக்கில் சுற்றி, அணைத்த கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். அவ்வளவுதான் ரகசியம். வாடிக்கை மொத்தமும் எதிர்ப்பக்கம் போனது.

ஒரு காலையில் பழைய வாடிக்கை ஜெயலக்ஷ்மி மாமி அண்ணனிடம் கேட்டாள். "ஏம்ப்பா, அவ மாவு மட்டும் எப்படிப் பொங்கறது?"

அண்ணன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மாமி. சோடா உப்ப அள்ளிப் போடுதா."

வடிகட்டின பொய். மாமி வீட்டுக்குப் போவதற்குள் அது வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் கரியாஹாட்டுக்குப் போனபோது சோடா உப்பு துணி துவைக்கிற சோடாவாகியிருந்தது. அதற்கு அப்பால் போனபோது அந்த மாவைத் தின்ற குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்தது. நாகம்மா நிறைந்த குண்டான்களுக்குப் பின்னால் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒரு நாள் காணோம். ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சி யார்டு பக்கம் ரயில்வே ஆட்களுக்கு இட்லி விற்கிறாள் என்று கேள்விப்பட்டோம்.

இந்த மார்கழியில் அண்ணன் மாவு மறுபடி படுத்துக்கொண்டது. மாமி பையை நீட்டிக்கொண்டே சொன்னாள். "நாகம்மா இருந்தாளே, கை ராசிக்காரி. சோடா போடாம இருந்திருந்தா நான் இங்க ஏன் வரப்போறேன்?"

அன்றைக்குப் பூராவும் அண்ணன் சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்தார். சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். கடைசியில், "ஆண்டவர்ட்ட தெனமும் மன்னிப்பு கேக்கத்தான் செய்யுதேன் ஐயா" என்றார்.

"என்னன்னு கேக்குறீங்க?"

"மகா பாவின்னு."

போதகர் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அது ரொம்ப வசதியான பேரு அண்ணாச்சி. அதுல நாகம்மாவே இல்லையே. ஒருத்தி பொழப்ப கெடுத்துட்டு, அவ பேரச் சொல்லாம எத்தனை அழுதாலும் அது வெறும் அழுகைதான். மொதல்ல அவங்கள போய்ப் பாருங்க. நான் உங்கள திருவிருந்துக்கு வராதீங்கன்னு சொல்ல மாட்டேன். வரலாமான்னு நீங்களே உங்க மனசக் கேளுங்க."

மனசு என்ன சொன்னதோ, மறுநாள் பஸ் ஏறினோம். ஹூக்ளி மேல் புதுப் பாலத்தில் போகும்போது அண்ணன் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பி வளைந்திருக்கும்.

யார்டுச் சுவரோரம் நாகம்மா இட்லிச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். "யாரு, மாவுக்காரரா? மீச நரைச்சுப் போச்சே."

"நாகம்மா, சோடா உப்புன்னு கெளப்பி விட்டது நாந்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பின்ன? மீன் திங்கற பெங்காலிக்காரனா வந்து என் மாவ ஆராய்ச்சி பண்ணான்? எதுத்தாப்புல மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது நீ ஒருத்தன்தான்."

"பாவம் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிரு. எங்க ஆண்டவர்ட்ட எவ்வளவோ அழுதுட்டேன்."

அவள் இட்லியை எடுத்து ஒரு ரயில்வே கலாசிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "உங்க சாமிகிட்டயா என்னப் பத்திப் பொய் சொன்ன? மாமிங்ககிட்ட சொன்ன. போய் அவங்ககிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லிட்டு நீ லேசா பஸ் ஏறிப் போயிருவ. நான் இங்க புகையிலதான் நிக்கணும்."

திரும்பும் வழியில் அண்ணன் கேட்டார். "மாமிகள்ட்ட சொன்னா நம்ம கட என்னல ஆவும்?"

"படுத்துரும்" என்றேன். ஆறுதல் சொல்லவா என்னைக் கூட்டிப் போனார்?

ராஜம் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சொல்லத்தான் வேணும்" என்றாள். "பயமா இருந்தா மீசைய எடுத்துட்டுப் போங்க. ஒருத்தருக்கும் ஆளு தெரியாது."

மீசையோடுதான் வந்தார். சனிக்கிழமை காலை, கூட்ட நேரம், அன்று சாயங்காலம் ஆயத்த ஆராதனை. ஜெயலக்ஷ்மி மாமி, பாங்கில் ரிடயர் ஆன சிவராம் சார், இன்னும் பலர் பையோடு நின்றார்கள். அண்ணன் மாவு அள்ளும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாகம்மா சோடா உப்பு போடல. யாவாரம் போச்சேன்னு நான் பொய் சொன்னேன். எல்லார்ட்டயும் சொல்லிருங்க."

கூண்டுக் கோழிகூட வாயை மூடிக்கொண்டது.

"அடப்பாவி!" என்றாள் மாமி. "நான் ஊர் பூரா சொன்னேனேடா! அந்தப் பொண்ணு வயத்துல அடிச்ச பாவத்துல என்னையும் சேத்துட்டியே!"

"ஆமா மாமி."

சிவராம் சார் வாங்கின மாவைத் திரும்ப மேஜையில் வைத்தார். "பொய் சொல்றவன் மாவுல என்னெல்லாம் இருக்கோ, யாருக்குத் தெரியும்?"

"அதுவும் ஞாயந்தான் சார்" என்றார் அண்ணன்.

பாதிப் பேர் போய்விட்டார்கள். அன்று மிஞ்சின மாவில் நான், என் குடும்பம், மார்க்கெட் பூனை எல்லாரும் தோசை தின்றோம். பூனை இப்போது சட்னி இல்லாமல் தொடுவதில்லை.

சாயங்காலம் ஆராதனையில் போதகர் பேசாமல் நின்றபோது அண்ணனின் உதடு மட்டும் அசைந்தது. மறுநாள் பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டார். அப்பத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன், கேலி பண்ணத் தோன்றவில்லை.

வியாபாரம் முழுசாகத் திரும்பவில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை ஆட்டோவிலிருந்து நாகம்மா குண்டான்களோடு இறங்கினாள். மாமியே ஆள் விட்டுக் கூப்பிட்டாளாம். எதிர்ப்பக்கம் அவளுடைய பழைய இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக அண்ணன் கடை முன்னால் வந்து நின்றாள்.

அண்ணன் எழுந்துவிட்டார். "என்னய மன்னிச்சிட்டியாம்மா?"

"அதப்பத்தி இன்னும் யோசிக்கல" என்றாள் நாகம்மா. "கொஞ்சம் நகந்து உக்காரு."

அண்ணன் தன் மேஜையைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். கடையில் பாதி இடம் காலியானது. பிறகு ஆட்டோவிலிருந்து குண்டானை இறக்க ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கத்தை அவள் பிடித்தாள்.