என் கால்விரலுக்கு இங்கிலீஷில் நாள் குறித்தார்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மணி நேரமாகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

சர்க்கரைப் புண்ணால் என் வலது கால் கட்டைவிரல் கறுத்துப்போயிருக்கிறது. டாக்டர் பார்த்தார். பிறகு என் மகன் பக்கம் திரும்பி இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டு போனார். அவனும் "எஸ் டாக்டர், ஓகே டாக்டர்" என்று தலையாட்டினான்.

வெளியே வந்ததும், "இன்னாடா சொன்னாரு?" என்றேன்.

"வியாழக்கெழம வரச் சொன்னாருப்பா."

"வந்து?"

"வேகமா பேசினாரு, பாதி புரியல. திருப்பிக் கேட்டா அசிங்கமா இருக்கும்ல?"

அவனை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.

"வெரல் என்னுது. என்னாண்ட சொல்லுங்க" என்றேன்.

"உங்க பையன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனே, பெரியவரே."

"அவனுக்குப் புரியலீங்க."

டாக்டர் நல்ல தமிழில் ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்தார். வியாழக்கிழமை விரலை எடுக்கப்போகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காது. அந்த மாத்திரையைத் தினமும் எனக்கு எடுத்துக் கொடுப்பவன் இந்த "ஓகே டாக்டர்" மகன்தான்!

ஐம்பது வருடமாகப் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறேன். எந்தப் பௌர்ணமியில் மழை பெய்தது, கூட யார் நடந்தார்கள், கேளுங்கள், சொல்கிறேன். நாலு வார்த்தை என்னிடம் சொன்னால் மறந்துவிடுவேனா?

உங்கள் வீட்டில் யார் யார் எதெதற்குத் தலையாட்டிவிட்டு வந்தார்கள் என்று கீழே போடுங்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொன்னால் போன் எழுதிக்கொள்ளும், நீங்கள் எழுதினால் படித்துக் காட்டும். தமிழில் எழுதுங்கள்.