மூன்றாவது மூட்டைக் கரி

முந்தைய லோடு கோக் கரி அப்பாவை அழவைக்காத குறைதான். நாகர்கோவிலில் எங்கள் வார்ப்புப் பட்டறையின் உலை எரிந்துகொண்டிருந்தபோதே, மேலே கிடந்த இரும்பின் பாரம் தாங்காமல் கரி பொடிந்து காற்றை அடைத்துவிட்டது. உருகிய இரும்பு உள்ளேயே உறைந்துபோனது. கடப்பாரை போட்டு உடைத்தெடுத்தார்கள். அதனால் புது லோடு வந்து இறங்கியதும், கரியின் உறுதியைப் பார்த்துவிட்டுத்தான் உலை மூட்டவேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். மாமா அம்மாவின் தம்பி. வடக்கே ஓர் இரும்பாலையின் சோதனைச்சாலையில் வேலை பார்த்துவந்தவர், லீவில் வந்திருந்தார்.

எடை போட்ட கரியை ஏணி உச்சியிலிருந்து இரும்புத் தகட்டின்மேல் கொட்டுவார். விழுந்ததை அள்ளி மறுபடியும் கொட்டுவார். பிறகு பெரிய கண் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை நிறுக்கவேண்டும். எவ்வளவு கூடுதல் நிற்கிறதோ அவ்வளவு உறுதி. பட்டறை ஆட்கள் மண் அச்சு கட்டிக்கொண்டிருந்ததால் அப்பாவின் தங்கை, என் அத்தை, சலிக்க வந்தாள். சிதறியதைப் பொறுக்குவது என் வேலை.

முதல் மூட்டை தேறியது. மாமா இன்னொன்றை அவிழ்த்தார். அதுவும் தேறியது.

“இன்னும் எத்தன மட்டம் போடணும்? மூஞ்சியெல்லாம் கரியாச்சு,” என்றாள் அத்தை.

“எல்லா மூட்டையும் ஒண்ணுபோல இருக்கும்னு சொல்ல முடியாதுல்லா,” என்றார் மாமா ஏணியிலிருந்து.

அப்பா வந்து நின்றார். “மாப்ள, ரைஸ்மில்லுக்குச் சக்கரம் வார்த்துக் குடுக்கணும். உலைய மூட்டட்டா?”

“இன்னும் ஒண்ணு பாத்திரலாம் அத்தான்.”

அந்த மூட்டைக் கரி தகட்டில் விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. சல்லடையில் பாதிகூட நிற்கவில்லை. அப்பா உதிர்ந்ததைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு மூட்டை விடாமல் பார்த்துப் பிரிக்கச் சொன்னார். மாமா முகம் சுளிக்காமல் சாயங்காலம்வரை ஏணியில் ஏறி இறங்கினார். மறுநாள் சக்கரம் பழுதில்லாமல் வார்ப்பாகி வந்தது. மாமாவின் பொறுமையை அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

ஒரு விஷயத்தை நான் மட்டும் கவனித்திருந்தேன். கரியைக் கொட்டும்போது மாமா ஒரு தடவைகூடத் தகட்டைப் பார்க்கவில்லை. சல்லடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வைகாசியில் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் நடந்தது. அப்போதும், விழுகிற கரியைப் பார்க்காமல் கொட்டுவதுதான் வடக்கே சொல்லிக்கொடுக்கும் முறை என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.