பனையேந்தலின் மூன்றாவது கல்

பனையேந்தல் சின்னச்சாமியின் மருமகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள் என்றதும், ஊரில் டைப் அடிக்கிற வேலை என்றே நினைத்துக்கொண்டார்கள். ரேணுகாதேவியும் திருத்தவில்லை. பாலவனத்தத்தில் பிறந்து, விருதுநகரில் கணக்குப் பாடம் எடுத்துப் படித்து, பனையேந்தலுக்கு வாக்கப்பட்டு வந்தவள். 1998ஆம் வருஷம் அருப்புக்கோட்டையில் உதயகுமார் தன் அப்பாவின் நூல் கடை மாடியில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பெரிய ஸ்கேனரும் வாங்கிப் போட்டபோது, முதல் ஆளாக அங்கே சேர்ந்தாள்.

திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களைத் தூர்வாரிக் கரை கட்டப்போகிறார்கள்; அதற்கு முன் எந்தக் கண்மாய் எதுவரைக்கும் என்று தெரியவேண்டும். பழைய கிராம வரைபடங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையை உதயகுமார் எடுத்திருந்தார். ஸ்கேன் ஆனது வெறும் படம்தான். அதில் ஒரு புள்ளியைத் தொட்டால் அது தரையில் எந்த இடம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சர்வேயர் ராஜகுரு ஊர் ஊராகப் போய் எல்லைக் கற்களை அளந்து எண்களைக் கொண்டுவருவார். ரேணுகாதேவி அதே கற்களின் குறிகளைத் திரையில் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் எண்ணைக் கொடுப்பாள். ஐந்து கல் கொடுத்ததும் மென்பொருள் படத்தை இழுத்துத் திருப்பி நிலத்தின்மேல் பொருத்தும். எந்தக் கல் எவ்வளவு விலகி நிற்கிறது என்றும் காட்டும். துணி ஒட்டிய பழைய தாள், வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருங்கியிருக்கும்; கொஞ்சம் விலகத்தான் செய்யும். சராசரி விலகல் வரம்புக்குள் இருந்தால் படம் தேறியது.

மாசி மாதம் பனையேந்தல் படம் வந்தது.

"எங்க ஊரு சார் இது. வேற யாராவது செய்யட்டுமே," என்றாள்.

"வேற யாரு இருக்கா? திங்கக்கிழமை ஆபீசருங்க வந்து கல்லு ஊனுறாங்க. நீங்களே முடிச்சிருங்க," என்றார் உதயகுமார்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சின்னச்சாமியின் புஞ்சை கண்மாயை ஒட்டியது. அதன் ஓரத்தில் கிணறு; கண்மாய் எல்லைக்குள் விழுந்தால் மூடிவிடுவார்கள். பாறையில் வெடி வைத்து, அவரும் அவர் மனைவியும் கல்லும் மண்ணும் சுமந்து வெட்டிய கிணறு அது. மனைவி இப்போது இல்லை. கிணறும் இல்லையென்றால் அந்தப் பருத்திக்காடு கருவேலங்காடாகப் போய்விடும்.

ஐந்து கற்களையும் கொடுத்துப் படத்தைப் பொருத்தினாள். கண்மாயின் எல்லைக்கோடு கிணற்றை வெளியே விட்டு, உரசுவது போல ஒட்டிக்கொண்டு போயிற்று. சராசரியும் வரம்புக்குள்தான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்தாள். பிரிண்ட் கொடுக்கப் போனவளின் கண்ணில் விலகல்கள் பட்டன. மற்ற ஊர்களில் ஒரு கல் கிழக்கே விலகும், இன்னொன்று வடக்கே விலகும். இங்கே மூன்றாவது கல் ஒரு பக்கமாக நன்றாக விலகியிருந்தது. மற்ற நான்கையும் அதுதான் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

முதல் கல்லை விட்டுவிட்டுப் பொருத்திப் பார்த்தாள். சரியாகவில்லை. இரண்டாவதை விட்டுப் பார்த்தாள். அதுவும் இல்லை. மூன்றாவதை விட்டதும் மற்ற நான்கும் தத்தம் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. கோடு கிணற்றைத் தாண்டி மேட்டுப்பக்கம் ஏறியிருந்தது. கிணறு கண்மாய்க்குள் கிடந்தது.

அவசரமாக மூன்றாவது கல்லைத் திரும்பச் சேர்த்தாள். கோடு பழைய இடத்துக்கு வந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குருவம்மாள் ஏறி வந்தார். கண்மாய்க்குக் கீழே இருக்கிற கொம்புச்சேரிக்கு அவர்தான் பஞ்சாயத்துத் தலைவி. அந்த ஊர் வயல் முழுக்க இந்தக் கண்மாய்த் தண்ணீரை நம்பியிருந்தது.

"படம் ஆயிருச்சா தாயி?"

"இன்னும் சரிபார்க்கணும்."

"நீ சின்னச்சாமி மருமவதானே. மாமனார் பக்கம் கோட்ட வளைச்சிருவேன்னு எங்க ஊர்ல பேசிக்கிறாக. நான்தான் அப்படியெல்லாம் இருக்காதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். போன பிறகும் அந்தப் பேச்சு அறையிலேயே நின்றது.

தாள் அந்த மூலையில் மடிந்து சுருங்கியிருக்குமோ என்று ரேணுகாதேவி மூல வரைபடத்தை விரித்துத் தடவிப் பார்த்தாள். அங்கே மடிப்பு எதுவும் இல்லை. ராஜகுரு தப்பாக அளந்திருப்பாரோ என்று அவரைக் கேட்டாள்.

"அந்த ஒரு கல்ல மட்டும் ரெண்டு வாட்டி அளந்தேன்மா. கல்லு கொஞ்சம் புதுசா ஊனுன மாதிரி தெரிஞ்சது. அளவுல தப்பு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் பருத்திக்காட்டில் இருந்தார். அவள் வரப்பில் நின்றுகொண்டு கேட்டாள்.

"மாமா, ஓடை ஓரத்துல நிக்கிற மூணாவது கல்லு எப்பவாச்சும் சாஞ்சுச்சா?"

சின்னச்சாமி பருத்தி எடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "எதுக்குக் கேக்குற?"

"படத்துல அது மட்டும் ஒத்து வரல."

"கல்லு எங்கயும் போகல. நின்ன எடத்துல நிக்குது."

"மாமா, நாளைக்கு ஆபீசருங்க..."

"ஒன் படம் சரியில்லன்னா படத்தத் திருத்து. என் காட்டுல வந்து என்னத் தேடுற?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் கணவன் ஜெகதீஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "வரம்புக்குள்ளதான் இருக்குன்னு கம்ப்யூட்டரே காட்டுதுல்ல? அப்படியே விட்டா ஒனக்கென்ன?" என்றான்.

"அந்தக் கல்லு தப்புன்னு எனக்குத் தெரியுதே."

"அது எங்க அம்மா மண்ணு சொமந்த கெணறு, ரேணு."

உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் மூன்றாவது கல்லைச் சேர்த்த படம், விட்ட படம் இரண்டையும் உதயகுமார் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் எரிச்சலோடுதான் கேட்டார். கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. அங்க வச்சுப் பாத்துக்குவோம்."

கண்மாய் ஓரத்தில் இரண்டு ஊரும் கூடியிருந்தது. பனையேந்தல்காரர்கள் ஒரு பக்கம், கொம்புச்சேரிக்காரர்கள் ஒரு பக்கம். நடுவில் யாரும் நிற்கவில்லை. ரேணுகாதேவி அதிகாரியிடம் மூன்றாவது கல் இடம் மாறியிருப்பதாகத் தோன்றுகிறது என்றாள். மற்ற நான்கு கற்களை வைத்துப் பார்த்தால் அது எங்கே இருந்திருக்கும் என்று படத்தில் காட்டினாள். பனையேந்தல் பக்கமிருந்து ஒருவன், "சொந்த மாமனார் குடியவே கெடுக்க வந்திருக்கா பாருங்கடா," என்றான். சின்னச்சாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றிருந்தார். அவளைப் பார்க்கவே இல்லை.

"பழைய கல்லு ஒடஞ்சிருந்தாலும் அடிப்பாகம் மண்ணுக்குள்ள கெடக்கும். தோண்டிப் பாத்துரலாம்," என்றார் ராஜகுரு. அளந்து ஒரு குச்சி அடித்தார். இரண்டு ஆட்கள் கடப்பாரை போட்டார்கள். காய்ந்த கரம்பை மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. முழங்கால் ஆழம் போயிற்று. ஒன்றும் இல்லை. குழியை அகலமாக்கினார்கள். வேரும் கிளிஞ்சலும்தான் வந்தன.

கூட்டத்தில் சலசலப்பு கூடியது. "கம்ப்யூட்டர் சொன்னுச்சாம்," என்று யாரோ சிரித்தார்கள். கொம்புச்சேரிக்காரர்களும் பொறுமை இழந்தார்கள். "கல்லு இருந்த எடத்த மறைக்கத்தான் தப்பான எடத்துல தோண்டச் சொல்றா. மாமனாரும் மருமவளும் சேந்து ஆடுற ஆட்டம்," என்று ஒருவன் முன்னே வந்தான். குருவம்மாள் அவனைக் கையமர்த்தினார். ஆனால் அவர் பார்வையிலும் இப்போது சந்தேகம் இருந்தது. அதிகாரி வண்டியைப் பார்த்தார். படம் அவ்வளவு துல்லியம் கிடையாது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று ரேணுகாதேவி சொல்ல நினைத்தாள். அந்த நேரத்தில் அதை யார் கேட்பார்கள்?

முன்னே வந்தவன் அவள் கையிலிருந்த படத்தைப் பறிக்கப் பார்த்தான். ஜெகதீஸ்வரன் பாய்ந்து நடுவில் நின்றான். இரண்டு பக்கமும் ஆட்கள் நகரத் தொடங்கினார்கள்.

"ஏலே, நில்லுங்கடா."

சின்னச்சாமிதான். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். குழியைக் கடந்து சில எட்டு போனார். ஒரு ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் நின்று காலால் தரையைத் தட்டினார்.

"இங்கிட்டுத் தோண்டுங்க."

யாரும் அசையவில்லை. அவரே கடப்பாரையை வாங்கிக் குத்தினார். சற்று நேரத்தில் இரும்பு கல்லில் மோதும் சத்தம் கேட்டது. மண்ணைக் கையால் விலக்கினார். உடைந்த எல்லைக்கல்லின் அடிப்பாகம், செதுக்கிய முகத்தோடு, நட்டபடியே இருந்தது.

"ஓடை பெருக்கெடுத்த வருசம் ஒடஞ்சு விழுந்துச்சு. கெணத்துக்குத் தோதா இருக்கட்டும்னு வேற கல்ல நான்தான் அங்க ஊனுனேன்," என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் புள்ளைக்குத் தெரியாது." கடப்பாரையைக் குழியிலேயே விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் புதுக் கற்கள் ஊன்றிவிட்டார்கள். கிணறு கண்மாய்க்குள் போயிற்று. குருவம்மாள் அதிகாரியிடம் பேசி, பருத்தி எடுத்து முடியும்வரை அதில் கை வைக்கவேண்டாம் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார். அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது சின்னச்சாமி அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். மருமகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்குமேல் அவர் ரேணுகாதேவியிடம் நேராகப் பேசவில்லை. அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டார்; வேண்டியதை மகன் மூலமாகக் கேட்டார். கிணற்றை மூடிய அன்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவளும் உள்ளேயே இருந்தாள். ஜெகதீஸ்வரன் மானாவாரியை நம்பமுடியாமல் அருப்புக்கோட்டையில் லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனான். கோபம் அவனுக்கும் இருந்தது, ஆனால் அவளை வேலையை விடச் சொல்லவில்லை. உதயகுமார் திருச்சுழி படங்களை முடித்துவிட்டுக் காரியாபட்டிப் பக்கத்து ஊர்களை எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் ஐந்து கல்லையும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்துத்தான் அவள் பிரிண்ட் கொடுத்தாள். வேலை தாமதமாகிறது என்று அவர் முனகுவார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாகப் போனது. மழையோடு மழையாக பஸ்ஸை விட்டு இறங்கியவள், நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றிருந்த சின்னச்சாமி, யாரையோ பார்த்துச் சொல்வதுபோல, "தலையத் தொவட்டு தாயி, சளி புடிச்சுக்கும்," என்றார்.

அவள் "சரி மாமா" என்று உள்ளே போனாள்.

அந்தக் கல்லைப் பற்றி அவர்கள் இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை. அவர் உண்மையை அன்று ஏன் சொன்னார், அவளைக் காப்பாற்றவா, மகனை அடிதடியிலிருந்து காப்பாற்றவா, அல்லது தாங்கமுடியாமல் போய்த்தானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.